28 வருஷம் ஓடும் பேட்டரி: செய்முறை விளக்கம்

மொட்டைமாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைக் கீழே உட்கார்ந்தபடியே தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஒரு சென்சார், ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, ஒரு லித்தியம் பேட்டரி. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை போர்டு கண்விழிக்கும், அளக்கும், வைஃபையில் சேதியை அனுப்பும், மறுபடி தூங்கிவிடும். இந்த வேலைக்குக் கடையில் கிடைக்கிற போர்டுகளில் எது தேறும் என்று சோதித்துப் பார்க்கக் கிளம்பியிருக்கிறீர்கள். சபாஷ். கீழே இருக்கும் படிகளில் பாதியை ஏற்கெனவே செய்து முடித்திருப்பீர்கள். மீதியையும் முறையாகச் செய்துவிட்டால் பேட்டரி சரியான நாளில் சாகும். அதாவது, நீங்கள் ஊரில் இல்லாத நாளில்.

1. டேட்டாஷீட்டில் ஒரே ஓர் எண்ணைப் படியுங்கள்

ஈஎஸ்பி32 சிப்பின் டேட்டாஷீட்டைத் திறங்கள். டீப் ஸ்லீப் என்ற வரிக்கு எதிரே 10 மைக்ரோஆம்ப் என்று போட்டிருக்கும். போதும், மூடிவிடுங்கள். இப்போது கால்குலேட்டரை எடுங்கள். உங்கள் பேட்டரி 2,500 எம்ஏஎச். அதை 0.01 மில்லிஆம்பால் வகுத்தால் 2,50,000 மணி நேரம். வருஷக் கணக்கில் 28-க்கும் மேலே. இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குப் பிறக்கும் குழந்தை வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகிவிடும். உங்கள் தொட்டி மட்டும் அதே பேட்டரியில் அளந்துகொண்டே இருக்கும்.

அதே டேட்டாஷீட்டில், வைஃபை அனுப்பும் நேரத்தில் 240 மில்லிஆம்ப் வரை இழுக்கும் என்றும் ஒரு வரி உண்டு. பார்வை அந்தப் பக்கம் போகவேண்டாம். பேட்டரி தானாகவும் கொஞ்சம் கொஞ்சமாக வடியும் என்று பேட்டரிக்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் எப்போதுமே அப்படித்தான்.

2. கடைக்காரரின் வாக்கே வேதவாக்கு

ரிச்சி தெருவில் ஏதாவது ஒரு கடையில் ஏறி, "அண்ணா, லோ பவர் போர்டு இருக்கா?" என்று கேளுங்கள். "எல்லாமே லோ பவர்தான் தம்பி, 5 வோல்ட்தானே?" என்பார். இதற்கு மேல் ஒரு நிபுணர் கருத்து வேண்டுமா?

அதற்குப் பிறகும் இரண்டு போர்டுகளுக்கு நடுவில் தடுமாறினால், கீழ்க்கண்ட தகுதிகளை ஒப்பிடுங்கள்: எத்தனை எல்இடி எரிகிறது, எத்தனை கோர், எத்தனை மெகாஹெர்ட்ஸ். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரே ஓர் எண்ணை அனுப்புகிற வேலை இது. அதற்கு 240 மெகாஹெர்ட்ஸில் இரண்டு கோர் இல்லாவிட்டால் எப்படிச் சமாளிப்பது?

எந்தச் சந்தேகமும் வராதவர்களுக்கு ஆர்டுயினோ உனோ இருக்கிறது. அதில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பைப் பவர்-டவுனில் போட்டால், 1.8 வோல்ட்டில் 0.1 மைக்ரோஆம்ப் என்று டேட்டாஷீட் பெருமை பேசுகிறது. உனோ போர்டு ஓடுவது 5 வோல்ட்டில். சிப் தூங்கினாலும் பக்கத்தில் இருக்கும் யுஎஸ்பி சிப்பும் ரெகுலேட்டரும் பவர் எல்இடியும் தூங்காமல் சில பத்து மில்லிஆம்பைத் தின்றுகொண்டே இருக்கும். அதற்கு ஒரு 9 வோல்ட் சதுர பேட்டரியைச் செருகிவிடுங்கள். போர்டின் ரெகுலேட்டர் 9-ஐ 5 ஆக்க, மிச்சம் 4 வோல்ட்டைச் சூடாக்கி ஊதிவிடும். விலை கொடுத்து வாங்கிய சக்தியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, மேஜையை வெதுவெதுப்பாக்கப் போகிறது. மார்கழியில் உதவும்.

3. போர்டைத் திருப்பிப் பார்க்காதீர்கள், உற்றும் பார்க்காதீர்கள்

பூதக்கண்ணாடி வைத்திருந்தால் ஒளித்துவையுங்கள். ஏனென்றால் சாதாரண ஈஎஸ்பி32 டெவ் போர்டில் யுஎஸ்பி வாய்க்குப் பக்கத்தில் மூன்று கால், முதுகில் அகலமான ஒரு தகடு என்று ஒரு கறுப்புத் துண்டு உட்கார்ந்திருக்கும். சாய்த்துப் பிடித்தால் ஏஎம்எஸ்1117 என்று மங்கலாகத் தெரியும். அது ரெகுலேட்டர். யாருக்கும் எந்த வேலையும் செய்யாமல் சும்மா இருப்பதற்கே அதற்கு 5 மில்லிஆம்ப் போல வேண்டும். சிப் தூங்கும்போது எடுப்பதைவிட ஐந்நூறு மடங்கு. வீட்டுக்காரர் உபவாசம், வாட்ச்மேனுக்கு மூன்று வேளை சாப்பாடு.

அதற்குப் பக்கத்தில் ஒரு குட்டிச் சிவப்பு எல்இடி. கரண்ட் இருக்கிறது என்பதைத் தெரிவிக்க ராத்திரி பகலாக எரியும். 3.3 வோல்ட்டில் 1 கிலோஓம் வழியாக எரிந்தால் 1.4 மில்லிஆம்ப். தொட்டிக்குப் பின்னால், மூடிய டப்பாவுக்குள், யாரும் பார்க்காத இடத்தில் அந்த வெளிச்சம் கட்டாயம் வேண்டும். பல்லிக்கு இருட்டில் வழி தெரியவேண்டாமா?

இரண்டையும் கூட்டினால் 6.4. சிப்பின் 10 மைக்ரோஆம்ப், இந்தக் கூட்டலில் தசமப் புள்ளிக்குப் பின்னால் எங்கேயோ காணாமல் போய்விடுகிறது. இப்போது 28 வருஷம் என்னவாகும் என்று கணக்குப் போடாதீர்கள். (போட்டுவிட்டீர்களா? சுமார் 16 நாள். தொட்டி அளக்காமல், வைஃபை தொடாமல், வெறுமனே தூங்குவதற்கே.)

இதையெல்லாம் யோசித்துச் செய்த போர்டுகளும் சந்தையில் உண்டு. 2 மைக்ரோஆம்ப் கூட எடுக்காத எம்சிபி1700 மாதிரி ரெகுலேட்டர்கள் பல வருஷமாகக் கிடைக்கின்றன; அது 250 மில்லிஆம்புக்கு மேல் தராது என்பதால் வைஃபைக்கு இழுபறிதான், ஆனால் அதைவிடப் பெரியவையும் வந்துவிட்டன. ஃபயர்பீட்டில் என்ற போர்டு வகையில், எல்இடியைத் துண்டிக்க ஒரு மெல்லிய செம்புக் கோட்டையே போர்டில் விட்டு, கத்தியால் அறுத்துக்கொள் என்று வைத்திருக்கிறார்கள். புதுப் போர்டைக் கத்தியால் கீறச் சொல்வது நம் பண்பாட்டுக்கு ஒத்துவராது. விட்டுவிடுங்கள்.

4. பேட்டரியை எந்தப் பின்னில் இடம் இருக்கிறதோ அதில் செருகுங்கள்

5 வோல்ட் என்று எழுதிய பின்தான் கண்ணுக்கு முதலில் படும். அதில் 3.7 வோல்ட் பேட்டரியைக் கொடுங்கள். பிறகு நடப்பதைக் கவனியுங்கள். ஏஎம்எஸ்1117 தனக்கென்று ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தரும். முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் இருக்கும்போதே சிப்புக்குப் போய்ச் சேருவது 3.1 வோல்ட். 3.7-க்கு இறங்கியதும் 2.6. ஈஎஸ்பி32 மாட்யூல் கேட்பதோ குறைந்தது 3.0. ஆக, பேட்டரியில் பாதிக்கு மேல் சரக்கு இருக்கும்போதே போர்டுக்குப் பட்டினி. மீதிப் பாதி பத்திரமாக, யாரும் தொடாமல், பேட்டரிக்குள்ளேயே இருக்கும். சேமிப்புப் பழக்கம் நல்லதுதானே?

துணிச்சல்காரர்கள் சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரியில் முயலலாம். சுமார் 220 எம்ஏஎச். அதுவும் சொட்டுச் சொட்டாக, 0.2 மில்லிஆம்ப் அளவில் எடுத்தால்தான். வைஃபை கேட்கும் 240 மில்லிஆம்பை அதன் தலையில் ஏற்றினால், உள்மின்தடை பத்து, பதினைந்து ஓம் இருக்கும் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? ஓம் விதிப்படி 2.4 வோல்ட்டோ அதற்கு மேலோ உள்ளேயே விழுந்துவிடும். மிஞ்சுவது 0.6 வோல்ட்டோ அதற்கும் குறைவோ. ஆனால் டப்பா ரொம்பச் சின்னதாக, அம்சமாக இருக்கும்.

5. புகார் சொல்பவரின் வாயை அடைத்துவிடுங்கள்

மேலே சொன்னபடி செய்ததும் சீரியல் மானிட்டரில் "பிரவுன்அவுட் டிடெக்டர் வாஸ் ட்ரிகர்ட்" என்று ஒரு வரி ஓயாமல் ஓடத் தொடங்கும். வோல்ட்டேஜ் பத்தவில்லை என்று சிப் கெஞ்சுகிறது. நீங்கள் இளகிவிடக்கூடாது. அந்த டிடெக்டரையே அணைக்க ஒரே வரி கோட் இருக்கிறது. யார் வீட்டு ஸ்கெட்சைத் திறந்தாலும் மேலேயே ஒட்டியிருக்கும். அதைச் சேருங்கள். வரி மறைந்துவிடும். வோல்ட்டேஜ் மட்டும் அப்படியே இருக்கும். இனிமேல் போர்டு ரீசெட் ஆகாது. அதற்குப் பதிலாக, அரைகுறை வோல்ட்டேஜில் ஃபிளாஷ் மெமரியில் என்னத்தையாவது எழுதிவைக்கும், எப்போதாவது உறைந்து நிற்கும், எதற்கு என்று யாருக்கும் தெரியாது. மர்மம் இல்லாத வாழ்க்கையில் என்ன சுவை?

6. அளப்பது என்று வந்துவிட்டால், டிடி830-ஐத் தவிர வேறெதையும் தொடாதீர்கள்

இந்தப் படிதான் முக்கியம். இங்கே அவசரப்படாமல், ஒவ்வொரு ரேஞ்சாக அனுபவித்துச் செய்யுங்கள். மஞ்சள் உறை போட்ட அந்தச் சின்ன மல்டிமீட்டர் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. பேட்டரிக்கும் போர்டுக்கும் நடுவில் அதை நுழைத்துவிடுங்கள்.

முதலில் 10 ஆம்ப் ரேஞ்ச். ஃபியூஸ் போகுமோ என்ற பயமில்லை, அந்த வழியில் ஃபியூஸே கிடையாது. போர்டைத் தூங்கவிடுங்கள். திரையில் 0.00. அந்த ரேஞ்சில் மீட்டருக்குத் தெரிகிற மிகச் சின்ன அளவு 10 மில்லிஆம்ப். அதற்குக் கீழே எல்லாமே அதற்குப் பூஜ்யம்தான். ஆனால் நீங்கள் பார்த்தது பூஜ்யம். பூஜ்யத்தைவிட லோ பவர் உலகத்தில் உண்டா? படம் எடுத்துக்கொள்ளுங்கள், கடைசியில் உதவும்.

மனசாட்சி உறுத்தினால் 200 மைக்ரோஆம்ப் ரேஞ்சுக்கு வாருங்கள். இந்த ரேஞ்சில் மீட்டர் தன் வயிற்றுக்குள் 1 கிலோஓம் வைத்திருக்கிறது. தூங்கும் சிப்பின் 10 மைக்ரோஆம்புக்கு 10 மில்லிவோல்ட்தான் விழும், பிரச்சினை இல்லை. ஆனால் போர்டு தூங்கப் போகவேண்டும் என்றால் முதலில் எழவேண்டும். எழும்போது 100 மில்லிஆம்ப் கேட்கும். 1 கிலோஓம் வழியாக அது வராது. எழும், விழும், எழும், விழும். திரையில் இடது ஓரம் ஒற்றை 1 மட்டும் நிற்கும். அதை 1 மைக்ரோஆம்ப் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

20 மில்லிஆம்ப் ரேஞ்ச்தான் நடுநிலையானது. உள்ளே 10 ஓம். கண்விழிக்கும்போது ஒரு வோல்ட் மீட்டரிலேயே விழும், போர்டு ரீசெட் ஆகும். முடிவு: போர்டு மோசம். மீட்டரைச் சந்தேகப்படுவது பெரியவர்களை எதிர்த்துப் பேசுவது மாதிரி.

இந்த வோல்ட்டேஜ் விழுவதை ஒரு பெரிய குறையாகக் கருதி, ஆஸ்திரேலியாவில் டேவ் ஜோன்ஸ் என்ற எஞ்சினியர் மைக்ரோகரண்ட் என்று ஒரு குட்டிக் கருவியையே வடிவமைத்தார். நார்டிக் நிறுவனம் பவர் புரொஃபைலர் கிட் 2 என்று ஒன்று விற்கிறது. 200 நானோஆம்பிலிருந்து 1 ஆம்ப் வரை ஒரே மூச்சில் அளந்து, நொடிக்கு ஒரு லட்சம் மாதிரி எடுத்து, போர்டு எப்போது எழுந்தது, எத்தனை நேரம் வைஃபையோடு மல்லுக்கட்டியது என்று படமாக வரைந்தே காட்டிவிடும். வாங்காதீர்கள். அந்தக் காசுக்கு ஒரு பை நிறைய ஈஎஸ்பி32 வரும். அளக்காத போர்டு பத்து இருப்பது, அளந்த போர்டு ஒன்று இருப்பதைவிடக் கௌரவம்.

அளக்கும்போது யுஎஸ்பி கேபிளைக் கழற்றவே கழற்றாதீர்கள். சீரியல் மானிட்டரில் "தூங்கப் போகிறேன்" என்ற வரியைப் பார்க்கவேண்டும் அல்லவா? லேப்டாப்பிலிருந்து கரண்ட் வந்துகொண்டிருக்கும்போது பேட்டரிப் பக்கம் மீட்டர் எதுவும் காட்டாது. அருமையான ரிசல்ட். யுஎஸ்பியை எடுத்துவிட்டுத் தனி சீரியல் அடாப்டர் மாட்டினாலும் கவலைப்படாதீர்கள், அதன் சிக்னல் வயர் வழியாகவே திருட்டுத்தனமாகக் கொஞ்சம் கரண்ட் சிப்புக்குள் ஏறும்.

எஸ்டி நிறுவனத்தின் நியூக்ளியோ-64 போர்டு வாங்கியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதில் ஜேபி6 என்ற ஜம்பர் இருக்கிறது. பக்கத்தில் ஐடிடி என்று எழுதியிருக்கும். அதைக் கழற்றி அந்த இரண்டு ஊசிகளில் மீட்டரை மாட்டினால் சிப் எடுக்கும் கரண்ட் மட்டும் தனியாகத் தெரியும். மதிப்பிடுகிறவருக்காகவே வைத்த வசதி. இதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

7. கெபாசிட்டர் வைத்து அளக்கும் ஆசாமிகளிடம் சேராதீர்கள்

இப்படி ஒரு கூட்டம் இருக்கிறது. பேட்டரியோடு சேர்த்து 4,700 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை மாட்டுவார்கள். போர்டு தூங்கியதும் பேட்டரியைப் பிடுங்கிவிடுவார்கள். இப்போது போர்டு கெபாசிட்டரில் ஓடுகிறது. வோல்ட்டேஜ் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்ப்பார்கள். 10 மைக்ரோஆம்ப் என்றால் ஒரு நிமிஷத்துக்கு 0.13 வோல்ட்தான் இறங்கும், 6.4 மில்லிஆம்ப் என்றால் ஒரே நொடியில் 1.3 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். கெபாசிட்டரின் சொந்தக் கசிவும் மீட்டரின் பங்கும் கொஞ்சம் சேரும் என்றாலும், நல்ல போர்டா கெட்ட போர்டா என்பது கண் இமைப்பதற்குள் தெரிந்துவிடும். ஒரு டீ விலையில், டிடி830-இன் வோல்ட் ரேஞ்சை வைத்தே விஷயத்தை முடித்துவிடுகிறார்கள். இதில் என்ன த்ரில்? தள்ளியே இருங்கள்.

8. சென்சாருக்கு ஓய்வு கொடுக்காதீர்கள்

போர்டு தூங்கலாம், சென்சார் தூங்கக்கூடாது. எச்சி-எஸ்ஆர்04 அல்ட்ராசோனிக் சென்சார் அளக்கும்போது 15 மில்லிஆம்ப், சும்மா இருக்கும்போது 2 வரைக்கும் எடுக்கும். ஒரு மாஸ்ஃபெட் வைத்து, அளக்கும் நேரத்தில் மட்டும் அதற்குக் கரண்ட் விடலாம் என்று சொல்வார்கள். அந்த மாஸ்ஃபெட்டின் விலை சில ரூபாய். சிக்கனம் வேண்டும், வாங்காதீர்கள்.

தொட்டி மூடிக்குள் ஏதாவது வாயு சேர்கிறதா என்று பார்க்க, எதற்கும் ஒரு எம்கியூ-135 சென்சாரையும் மாட்டிவிடுங்கள். பேட்டரித் திட்டங்களில் நான் பார்த்தவரை இதற்கு ஈடு இணை கிடையாது. அதற்குள் 33 ஓம் ஹீட்டர் ஒன்று, 5 வோல்ட்டில் 150 மில்லிஆம்ப் எடுத்துக்கொண்டு எந்நேரமும் கொதித்துக்கொண்டே இருக்கும். ஒழுங்காக அளக்கவேண்டுமானால் முதலில் 24 மணி நேரத்துக்கு மேல் சூடேற்று என்கிறது அதன் டேட்டாஷீட். உங்கள் 2,500 எம்ஏஎச் பேட்டரி அதற்கு 17 மணி நேரம்கூடத் தாங்காது. சென்சார் தயாராவதற்குள் பேட்டரி காலி. வேறு எந்தப் பாகமும் இவ்வளவு நேர்மையாகத் தன் தகுதியின்மையை முதல் நாளே அறிவிப்பதில்லை.

9. பேட்டரியைக் கண்காணித்தே கொல்லுங்கள்

பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று தெரியவேண்டும். இரண்டு 10 கிலோஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் பேட்டரியின் குறுக்கே நிரந்தரமாக மாட்டி, நடுவிலிருந்து ஏடிசி பின்னுக்கு ஒரு வயர். 4 வோல்ட்டில் இந்த ஏற்பாடு 200 மைக்ரோஆம்ப் எடுக்கும். தூங்கும் சிப்பைப்போல இருபது பங்கு. ஒரு வருஷத்தில் 1,752 எம்ஏஎச். பேட்டரியில் எவ்வளவு குறைந்தது என்று சொல்லுகிற வேலைக்கே பேட்டரியில் முக்கால்வாசி. மெகாஓம் ரெசிஸ்டர் இரண்டு, கூடவே 100 நானோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று போட்டால் இது நூறில் ஒரு பங்காகிவிடும். ரெசிஸ்டர் கிட்டில் 10 கிலோஓம்தான் மேலே இருக்கிறது. அதையே எடுங்கள்.

10. வைஃபை கிடைக்கும்வரை விடாமல் நில்லுங்கள்

கோட் எழுதும்போது பொறுமைதான் முக்கியம். வைஃபை இணைந்ததா என்று கேளுங்கள்; இல்லையென்றால் அரை நொடி காத்து மறுபடி கேளுங்கள்; இணையும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள். இத்தனை நொடிக்கு மேல் முடியாவிட்டால் தூங்கிவிடு என்று ஒரு வரிகூட எழுதாதீர்கள். அது தோல்வி மனப்பான்மை.

பலன் ஒரு ராத்திரி தெரியும். கரண்ட் போகும். வீட்டு ரவுட்டர் அணையும். மாடியில் போர்டு பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழும் வழக்கப்படி எழுந்து, ரவுட்டரைத் தேடும். காணோம். தேடும். 100 மில்லிஆம்ப் போல எடுத்துக்கொண்டு, விடிய விடிய, விசுவாசமாக. முழுப் பேட்டரியும் இந்த வேகத்தில் 25 மணி நேரம். ஏற்கெனவே பாதி தீர்ந்திருந்தால், கரண்ட் வந்து ரவுட்டர் உயிர்பெறும்போது போர்டு போய்ச் சேர்ந்திருக்கும். கரண்ட் போனாலும் ஓடவேண்டும் என்று பேட்டரி போட்டீர்கள். கரண்ட் போனதால்தான் செத்தது.

ரவுட்டர் உயிரோடு இருக்கும் நாட்களிலும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து எல்லாச் சேனலையும் துழாவட்டும், ஐபி முகவரியை ரவுட்டரிடம் புதிதாகக் கேட்டு வாங்கட்டும். 3 நொடி ஆகும். சேனலையும் ரவுட்டரின் அடையாளத்தையும் ஞாபகம் வைத்துக்கொண்டு, நிலையான ஐபி கொடுத்துவிட்டால் ஒரு நொடிக்குள் முடித்துவிடலாம் என்கிறார்கள். 100 மில்லிஆம்பில் 3 நொடி, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை என்றால் சராசரி அரை மில்லிஆம்ப். தூக்கத்தின் 10 மைக்ரோஆம்பைப் போல ஐம்பது மடங்கு. உண்மையில் நல்ல ரெகுலேட்டரும் அணைந்த எல்இடியும் உள்ள போர்டில் இந்தப் பேட்டரி எத்தனை நாள் என்பதைத் தீர்மானிப்பது இந்த 3 நொடிதான்: 200 நாள் போல. அதை 1 நொடியாக்கினால் ஒன்றரை வருஷம். ஆனால் நீங்கள் மதிப்பிடுவது போர்டை, கோட்-ஐ அல்ல. எனவே பொருட்படுத்தாதீர்கள்.

பத்து நிமிஷம் என்பதே ரொம்பத் தாமதம் என்று தோன்றும். தொட்டி நிறைவதைப் பத்து நொடிக்கு ஒருமுறை பாருங்கள். சராசரி 30 மில்லிஆம்ப், மூன்றரை நாள். சினிமா மாதிரி ஓடும்.

வைஃபையே வேண்டுமா என்ற கேள்வி உள்ளே தலைகாட்டினால் அமுக்கிவிடுங்கள். நார்டிக்கின் என்ஆர்எஃப்52840 சிப்பை முழுக்க அணைத்தால் 0.4 மைக்ரோஆம்ப், ப்ளூடூத்தில் பேச அதற்குச் சில மில்லிநொடி போதும். தோட்டம் தூரம் என்றால் லோரா இருக்கிறது, இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் வாங்காமல் பயன்படுத்தலாம். அதெல்லாம் மறுமுனையில் ஒரு பெட்டி வைக்கும் தொல்லை. ராஸ்பெர்ரி பை பைக்கோவைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். அது டார்மென்ட் நிலையில் படுத்தாலும் 0.8 மில்லிஆம்ப் எடுக்கும் என்று அதன் டேட்டாஷீட்டே ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. இவ்வளவு வெளிப்படையாகப் பேசும் போர்டை எப்படி நம்புவது?

11. ஒரு ராத்திரி ஓடினால் தீர்ப்பு எழுதுங்கள்

சாயங்காலம் மாட்டுங்கள். காலையில் இன்னும் ஓடுகிறதா? ஓடும். 15 நாள் ஓடக்கூடிய பேட்டரி ஒரு ராத்திரி ஓடாமலா இருக்கும்? உடனே எழுதுங்கள்: "பேட்டரி திட்டங்களுக்கு ஏற்ற அருமையான போர்டு. ஐந்து நட்சத்திரம்." 0.00 காட்டிய அந்தப் படத்தையும் சேருங்கள். பேட்டரி வோல்ட்டேஜ் காலையில் எவ்வளவு, போன வாரம் எவ்வளவு என்று குறிப்பு எழுதி வைப்பது ஓய்வூதியம் வாங்குவோர் வேலை.

அறை வெப்பத்தில், மேஜை மீது, ரவுட்டருக்குப் பக்கத்தில் சோதித்தால் போதும். மாடியில் சித்திரை வெயிலில் கறுப்பு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இருக்கும் நிலைமையை இப்போதே யோசித்து எதற்கு வருத்தப்பட வேண்டும்? லித்தியம் பேட்டரியைப் பெரும்பாலும் 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது. அதனால் சோலார் பேனலை அதே டப்பாவின் மேல்மூடியில் ஒட்டுங்கள், நேராக உச்சி வெயில் படும்படி.

12. செத்தபிறகு பேட்டரியை மாற்றுங்கள், வேறெதையும் மாற்றாதீர்கள்

தவறு பேட்டரியுடையது. பெரிதாக வாங்குங்கள். 18650 பேட்டரி ஒன்றில் 9,900 எம்ஏஎச் என்று அச்சடித்திருக்கும், விலையும் பாதிதான். பேர்பெற்ற கம்பெனிகள் அந்த அளவு உருளைக்குள் 3,500-ஐ ஒட்டித்தான் அடைக்கமுடியும் என்று படாதபாடு படுகிறார்கள். உறையில் 9,900 என்று அச்சடிக்கலாம் என்ற யோசனை அவர்களுக்கு மட்டும் வரவில்லை.

அதுவும் போனால் பவர் பேங்க். 20,000 எம்ஏஎச். மாட்டிய அரை நிமிஷத்தில் அணைந்துவிடும். இவ்வளவு கொஞ்சமாகக் கரண்ட் எடுப்பது போனாக இருக்காது, யாரோ கேபிளை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அது நினைத்துக்கொள்ளும். பாருங்கள், கடைசியில் உங்கள் போர்டு லோ பவர்தான் என்று ஒருவராவது ஒப்புக்கொண்டார்! அதை விழித்திருக்கச் செய்ய 5 வோல்ட்டின் குறுக்கே ஒரு 47 ஓம் ரெசிஸ்டரை மாட்டுங்கள். 100 மில்லிஆம்புக்கு மேல் வெட்டியாக எரியும், பவர் பேங்க் நிம்மதியாக ஓடும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் போர்டுக்காக மின்சாரத்தை வீணடிக்க ஒரு தனி உறுப்பு. ரெசிஸ்டர் ஒரு வாட்டாவது இருக்கட்டும். கால் வாட் என்றால் கருகிவிடும்.

சில நாளில் அதுவும் சலித்துவிடும். அப்போது மாடிப்படி வழியாக ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்துக்கொண்டு போங்கள். 5 வோல்ட், 2 ஆம்ப் போன் சார்ஜர் ஒன்றைச் செருகுங்கள். பிளக்கைச் சுற்றி பால் கவரைக் கட்டி ரப்பர் பேண்ட் போடுங்கள். பேட்டரியை மட்டும் கழற்றிவிடாதீர்கள், டப்பாவுக்குள் ஒரு மூலையில் இருக்கட்டும். யாராவது கேட்டால், "பேட்டரி பேக்கப்போட ஓடுது சார்" என்று சொல்லுங்கள்.